முப்பத்தேழு சகோதரிகளின் ஐந்து நட்சத்திரம்

ஜன்னல் ஓரமா நீயே உட்காரும்மா. எனக்கு இந்த மலை வளைவெல்லாம் பழகிப் போச்சு, நாப்பது வருஷமா ஏறி இறங்குறேன். உனக்குத்தான் குமட்டும். இந்தா, எலுமிச்சம்பழம், மோந்து பார்த்துக்கிட்டே வா. வச்சுக்கோ, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.

எங்க இறங்கணும்? திண்டுக்கல்லா? நான் பண்ணைக்காடு பிரிவுல இறங்கிடுவேன். அதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். மெதுவாத்தான் போவாரு இந்த டிரைவர்.

தப்பா நினைச்சுக்காதே, உன் போனை எட்டிப் பார்த்துட்டேன். தங்கின ரூமுக்கு ஸ்டார் போடறே போல. மூணா? ஏம்மா மூணு? சுடுதண்ணி வரலையா? சரி, ஏழு மணிக்கு மேல வந்துச்சுல்ல, அதுக்கு ரெண்டையா குறைக்கிறது? பாவம், என்னை மாதிரி யாராவது நடத்துற இடமா இருக்கும். அஞ்சு போட்டா உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது... இல்ல இல்ல, நீ உள்ளதை எழுதறே, எழுது. எனக்கு அந்த ஸ்டாரைப் பார்த்தாலே மனசு ஒரு மாதிரி ஆயிடுது, அதான் சொன்னேன். இந்த வருஷம் எனக்கு வந்த உபத்திரவம் எல்லாம் அதாலதான். இப்ப நான் போறதும் அது விஷயமாத்தான். ஒருத்தியை மன்னிக்கப் போறேன்.

என் பேரு லில்லி புஷ்பம். கொடைக்கானல்லயே ஏரிக்கு மேல் பக்கம், மேட்டுத் தெருவுல வீடு. எபெனேசர் இல்லம்னு போர்டு இருக்கும். வீட்டுக்காரர் கட்டினது, பேரும் அவர் வச்சதுதான். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. பையன் தினகர் மஸ்கட்ல இருக்கான். பொண்ணு பெங்களூர்ல. மாடியில நாலு ரூம் சும்மா கிடந்துச்சு. பொண்ணு என்கூட வந்துடுங்கன்னு கூப்பிட்டா. அங்க போய் அஞ்சாவது மாடியில உட்கார்ந்து என்ன பண்ண? ரூமை வாடகைக்கு விடறேன், வர்ற ஜனங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்டேன். தினகர் லீவுல வந்தப்போ மேப்ல எங்க வீட்டை ஏத்திவிட்டுப் போனான். அவன் ஏத்தினதோட சரி, ஒரு ஆள் வரலை.

அப்பதான் பக்கத்து வீட்டு மங்கை உள்ளே வந்தா. மங்கையர்க்கரசின்னு முழுப்பேரு. நாப்பது வயசுகூட இருக்காது. வீட்டுக்காரர் அப்ப டாக்ஸி ஓட்டினாரு. பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஆறு ரூம் போட்டு நடத்திக்கிட்டிருந்தா. நெத்தி நிறைய குங்குமம், எப்பவும் சிரிச்ச முகம். நல்லவதாம்மா. நான் அவளைக் கெட்டவன்னு ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குள்ள வந்த பொறாமையைத்தான் சொல்றேன்.

ஒருநாள் என் போனை வாங்கிப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அக்கா, உங்க வீட்டைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள காட்டுதுக்கா"ங்கிறா. எனக்கு அப்பதான் புரிஞ்சுச்சு. அதுக்கு முந்தின வாரம் ஒரு குடும்பம் மழையில நின்னுக்கிட்டு போன் பண்ணி, "ஆன்ட்டி, இங்க வீடு ஒண்ணும் காணோம், ஒரே சிலுவையா இருக்கு"ன்னாங்க. நான், "அப்படியே உள்ளே வாங்க"ன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பிள்ளைங்க என்ன நினைச்சிருக்கும், சொல்லு.

அதை மங்கைதான் சரி பண்ணினா. என் வாசல்லயே வந்து நின்னு, போனைப் பிடிச்சு, இங்கதான்னு குத்தினா. அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னா. "அக்கா, மெட்ராஸ்லேர்ந்து வர்றவன் எபெனேசர்னா தேடுவான்? ஏரி பக்கம், சமையல்கட்டோட ஃபேமிலி ரூம்னுதான் தேடுவான். அவன் வாயில என்ன வார்த்தை வருதோ அது போன்ல உங்க வீட்டுப் பக்கத்துல எழுதியிருக்கணும்." பேரை மாத்த மாட்டேன்னுட்டேன். "பேரு இருக்கட்டும்கா, அதுக்குக் கீழே எழுதுங்க"ன்னா. நான் அங்க பைபிள்ல சங்கீதத்துலேர்ந்து நாலு வரி போட்டு வச்சிருந்தேன். அதை எடுக்கவான்னு கேட்டா. எடுக்க வேண்டாம், அதோட சேர்த்து எழுதுன்னேன். எழுதினா.

போட்டோவுக்கு நான் என் ரோஜாச் செடியையும், ஹால்ல மாட்டின வசனப் பலகையையும் போட்டிருந்தேன். "பாத்ரூமைப் போடுங்கக்கா. ஊர்லேர்ந்து வர்றவங்க மொதல்ல பார்க்கிறது அதைத்தான்." பாத்ரூமைப் போய் உலகத்துக்கே காட்டணுமான்னு எனக்கு வெட்கமா இருந்துச்சு. அவளே வந்து கழுவிவிட்டு, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவச்சு, எடுத்துப் போட்டா. யார் என்ன எழுதினாலும் மறுநாளே பதில் எழுதணும், திட்டினாலும் நன்றின்னு ஆரம்பிக்கணும், இல்லாததை இருக்குன்னு எழுதக் கூடாது, மங்கிப் போன பழைய போட்டோவை எடுத்துடணும், இப்படி. வேற யாரா இருந்தாலும் தொழில் ரகசியம்னு வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. அந்த வருஷம் ஏப்ரல், மே ரெண்டு மாசமும் என் நாலு ரூமும் காலியே இல்லை.

இதை ஏன் சொல்றேன்னா, அவ எனக்குச் செஞ்ச நன்மையை நான் மறக்கிறவ இல்லை. அதனாலதான் அப்புறம் நடந்தது அவ்வளவு வலிச்சுது.

அவளுக்கு நூத்தி அறுபது பேர் ரிவியூ எழுதியிருந்தாங்க. எனக்கு இருபத்திரண்டு. பொறாமையெல்லாம் இல்லம்மா. காலையில ஜெபம் முடிச்சதும் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன், அவ்வளவுதான். அவளுக்கு நாலே முக்கால், எனக்கு நாலு சொச்சம். ஒருத்தன் காப்பி ஆறிப் போச்சுன்னு ரெண்டு ஸ்டார் போட்டுட்டான். கீழேர்ந்து மாடிக்குக் கொண்டு போறதுக்குள்ள கொடைக்கானல் குளிர்ல காப்பி ஆறாம என்ன பண்ணும்?

இந்த வருஷம் பிப்ரவரி கடைசியில எங்க வீட்டு ஹால்ல சபைப் பெண்கள் ஐக்கியத்தோட மூணு நாள் உபவாச ஜெபம். முப்பத்தேழு பேர் வந்திருந்தாங்க. மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சு கஞ்சி குடிக்கிறப்போ எனக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. இத்தனை பரிசுத்தவாட்டிகள் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்காங்க, ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போட்டா என்ன? பொய்யும் இல்லையே. மூணு நாளும் என் வீட்டுலதானே இருந்தாங்க?

முதல்ல மங்கைகிட்டத்தான் ஓடினேன். நல்லதை நான் மட்டும் அனுபவிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "மங்கை, உனக்கும் சேர்த்துப் போடச் சொல்றேன், வா"ன்னேன். அவ முகம் மாறிப் போச்சு. "வேண்டாம்கா. எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ரூம்ல தங்கினவங்க மட்டும் எழுதணும். ஒரே நாள்ல, ஒரே வீட்டுக்குள்ளேர்ந்து இத்தனை பேரு போட்டா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிடுவான்கா"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. என்னோட இருபத்திரண்டு ஐம்பத்தொம்பதா ஆகப் போகுதுன்னு அவளுக்குத் தாங்கலைன்னு நினைச்சேன். சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். நான் யாரையும் முகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பாதிப் பேருக்கு என்ன எழுதறதுன்னு தெரியலை. அதனால நானே ஒரு வரி யோசிச்சு சார்ட் பேப்பர்ல எழுதிச் சுவத்துல ஒட்டினேன். "சமாதானமான இடம், சுடுதண்ணீர் உண்டு, ஆண்டவருக்கே மகிமை." அதைப் பார்த்து எல்லாரும் அப்படியே அடிச்சாங்க. நெட் காசு தீர்ந்தவங்களுக்கு எங்க வீட்டு வைஃபையைக் குடுத்தேன். அப்புறம் எல்லாரும் அதுலயே வந்துட்டாங்க, சும்மா கிடைக்குதுன்னா விடுவாங்களா? போட்டு முடிச்சவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பொட்டலம் ஹோம்மேட் சாக்லேட். தெபோராள் சிஸ்டர் மட்டும் ஒரே ஒரு ஸ்டார் போட்டுட்டாங்க. ஏன் சிஸ்டர்னா, "உங்க வீடுதானே லில்லி ஒண்ணாம் நம்பர்"ங்கிறாங்க. அவங்களை உட்கார வச்சு மாத்தறதுக்கே அரை மணி நேரம். சிரிக்கிறியா? நாங்களும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சோம்.

பத்து நாள்தான். மார்ச் மாசம் ஒருநாள் காலையில ஜெபம் முடிச்சு எண்ணிப் பார்க்கலாம்னு திறக்கிறேன், என் வீடே இல்லை. ரிவியூ குறைஞ்சதுன்னு இல்லம்மா, வீடே இல்லை. பக்கத்துல மங்கை வீடு இருக்கு, எதிர்ல மளிகைக் கடை இருக்கு, கல்லறைத் தோட்டம் இருக்கு. நடுவுல என் வீடு இருந்த இடம் மொட்டையா கிடக்கு. வெளியே போய் வாசல்ல நின்னு வீடு இருக்கான்னு பார்த்தேன். சிரிக்காதே, நிஜமாவே பார்த்தேன்.

தினகருக்குப் போன் போட்டேன். ஷிப்ட்ல இருந்தான். "மெயில் ஏதோ வந்திருக்கும்மா, அனுப்பி வைக்கிறேன். யாராவது வேண்டாதவங்க கம்ப்ளெயின்ட் பண்ணியிருப்பாங்க, அப்புறம் பார்க்கலாம்"னு வச்சுட்டான். மெயிலை அப்படியே என் வாட்சப்புக்கு அனுப்பினான். நீளமா இங்கிலீஷ். நான் எட்டாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டி ரெண்டு வரி பார்த்தேன், மூணாவது வரியில தலை சுத்திடுச்சு. ஆனா அவன் சொன்ன ஒரு வார்த்தை போதும்ல? வேண்டாதவங்க.

எனக்கு வேண்டாதவங்க யாரு? எனக்கு ஊர்ல விரோதியே கிடையாதும்மா. யோசிச்சேன். முழங்கால்ல நின்னு யோசிச்சேன். அப்ப அந்த வார்த்தை ஞாபகம் வந்துச்சு. கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிடுவான். யாராவது சொல்லாம அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அன்னைக்கு எங்க ஹால்ல நடந்தது வெளியாள்ல யாருக்குத் தெரியும்? அவ ஒருத்திக்குத்தானே?

உனக்கு அப்படித் தோணலையா? நீ சின்னப் பொண்ணு. மனுஷ மனசு உனக்குத் தெரியாது.

ஏப்ரல் வந்துச்சு. காரா வந்து குவியுது ஊரு. என் போன் அடிக்கவே இல்லை. வாசல்ல சேரைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். போனைப் பிடிச்சுக்கிட்டே வருவாங்க, என் கேட்டைத் தாண்டிப் போய் அவ கேட்ல நிப்பாங்க. என்னை ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. போன்ல இல்லாத வீடு கண்ணு முன்னாடி இருந்தாலும் இல்லைதான் போல. ரெண்டு தடவை அவளே ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வந்தா. "அக்கா, எனக்கு ரூம் நிறைஞ்சிடுச்சு, இவங்க நல்ல மாதிரி, உங்ககிட்ட தங்கட்டும்"னு. எனக்கு என்ன தோணும், சொல்லு. மனசாட்சி குத்துது, அதான் பரிகாரம் பண்றான்னு தோணுச்சு. அந்த மெயிலை மட்டும் அவகிட்ட காட்டலை. அவளுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும். காட்டியிருந்தா படிச்சே சொல்லியிருப்பா. எப்படிக் காட்டுவேன்? யார் மேல சந்தேகமோ அவகிட்டயே கொண்டு போய்க் காட்டுவாங்களா?

நான் சண்டைக்குப் போகலை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்துல ஒரு விண்ணப்பமா வச்சேன், அவ்வளவுதான். அவளுக்கு எதிரா இல்லம்மா. அவ மனசு மாறணும்னு. பேரைச் சொல்லாம ஜெபிச்சா ஆண்டவருக்குத் தெரியும்தான், கூட இருக்கிறவங்களுக்குத் தெரியணும்ல, யாருக்காக ஜெபிக்கிறோம்னு? அதனால பேரைச் சொன்னேன். என்ன நடந்துச்சுன்னும் கொஞ்சம் விளக்கினேன். எல்லாரும் கண்ணீரோட ஜெபிச்சாங்க. முக்கியமா ஜெயசீலி சிஸ்டர். நாலு வெள்ளிக்கிழமை தொடர்ந்து ஜெபிச்சோம்.

ஜெயசீலி சிஸ்டர் யாருன்னு சொல்லலையே. மங்கை இருந்த கட்டடம் அவங்களோடது.

மே மாசம் முடியறதுக்குள்ள, காலி பண்ணிக்கோன்னு சொல்லிட்டாங்க. நான் சொல்லச் சொல்லலைம்மா. ஆண்டவர் சாட்சி. அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை, நானும் ஒரு வார்த்தை பேசலை. பதினொரு மாசத்துக்கு ஒருக்கா எழுதற அக்ரிமென்ட், இந்தத் தடவை எழுதலை, அவ்வளவுதான். ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சுன்னு சிலர் சொன்னாங்க. நான் அப்படிச் சொல்லலை. பேசாம இருந்தேன்.

சாமானை ஏத்தின அன்னைக்கு கேட்ல வந்து நின்னா. கையில என் வீட்டு இட்லிப் பானை. எப்பவோ வாங்கிட்டுப் போனது, தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருந்தா. "அக்கா, ஜெயசீலியம்மா என்னென்னமோ சொல்றாங்க. நான் என்னக்கா பண்ணேன்?"ன்னு கேட்டா.

"உனக்கே தெரியும் மங்கை. ஆண்டவருக்கும் தெரியும்"னேன். சத்தமாக்கூடச் சொல்லலை. பானையை வாங்கிக்கிட்டு உள்ளே வந்துட்டேன்.

கொஞ்சம் நகர்ந்துக்கோம்மா, கண்டக்டர் தம்பி வர்றாரு. பண்ணைக்காடு பிரிவு ஒண்ணு குடுங்க தம்பி. எடுத்தாச்சா? ஆமா, ஏறினதும் எடுத்தேன்ல. மறந்தே போச்சு. இப்பல்லாம் எனக்கு மறதி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் பாஸ்டர் மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணினாரு. அன்னைக்குலேர்ந்து தூக்கம் இல்லை. அவ செஞ்சது தப்புதான், அதுக்காக நான் மன்னிக்காம இருக்கலாமா? அவ பண்ணைக்காட்டுல ஒரு காப்பித்தோட்டத்துல இருக்கான்னு கேள்விப்பட்டுத் தேடினேன். எப்படித் தேடினேன் தெரியுமா? அவ சொல்லிக் குடுத்த மாதிரியே. பண்ணைக்காடு, காப்பித்தோட்டம், சமையல்கட்டோட ரூம்னு போட்டேன். உடனே வந்துட்டா. தோட்டத்துக்குள்ள மூணு ரூம், பாத்ரூம் போட்டோ பளிச்சுன்னு. ஆனா ரிவியூ வெறும் ஆறு. நூத்தி அறுபது வச்சிருந்தவளுக்கு ஆறு. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா.

போன் பண்ணினேன். "மங்கை, நான் லில்லியக்கா, திங்கட்கிழமை உன்னைப் பார்க்க வர்றேன்"னேன். "வாங்கக்கா. பிரிவுல நான் வந்து நிக்கிறேன், அங்கேர்ந்து ஆட்டோ கிடைக்காது"ன்னா. ஆயுத பூஜை லீவுக்கு மூணு ரூமும் புக் ஆகியிருக்காம். அங்க போனதுலேர்ந்து இதுதான் முதல் தடவையா ரூம் நிறையுதாம். வீட்டுக்காரர் டாக்ஸியை வித்துத்தான் அந்த இடத்தைப் பிடிச்சிருக்காரு. எல்லாம் போன்ல பார்த்து வர்ற ஜனந்தான், வேற வழி அங்க யாருக்குத் தெரியும்னா. குரல்ல பழைய சிரிப்பு இல்லை, ஆனா பேசினா.

வெறும் வாயால மன்னிச்சேன்னு சொன்னா போதுமா? ஏதாவது நன்மை செய்யணும்ல? ஒரு ஃபிரேம் வாங்கினேன், பாரு, மன்னிப்பைப் பத்தின வசனம், சுத்தி முத்து வேலைப்பாடு. அதுக்கும் மேல ஒண்ணு செஞ்சேன். நேத்து ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும், பெண்கள் ஐக்கியத்தை சபை ஹால்ல உட்கார வச்சேன். எல்லாரும் மங்கையை மன்னிக்கணும்னு சொன்னேன். சொல்லிட்டு, அவ தோட்டத்து ரூமுக்கு எல்லாரையும் அஞ்சு ஸ்டார் போட வச்சேன். நாப்பத்தொரு பேரு! புதுசா நாலு பேரு சேர்ந்திருக்காங்க. இந்தத் தடவை நானே நல்ல வரியா யோசிச்சேன், "அருமையான காப்பித்தோட்டம், அன்பான சகோதரி"ன்னு. அவகிட்ட இன்னும் சொல்லலை. நேர்ல சொல்லலாம்னு வச்சிருக்கேன். அவ முகம் எப்படி மலரும்னு...

என்னம்மா? ஏன் அப்படிப் பார்க்கிறே? குமட்டுதா? எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு.

எந்த மெயில்? தினகர் அனுப்பினதா? இருக்கு, அழிக்கலை. இந்தா, நீயே தேடி எடு. மார்ச் மாசத்துல இருக்கும். நிதானமாப் படி. ஒண்ணும் அவசரம் இல்லை.

படிச்சிட்டியா? என்ன போட்டிருக்கு, யார் கம்ப்ளெயின்ட் பண்ணினாங்கன்னு பேரு இருக்கா?

இல்லையா.

ஒரே நாள்ல... ஆமா. ஒரே இடத்துலேர்ந்து. ஆமா, எங்க வைஃபைதான். ஒரே வார்த்தையில. நான்தான் சார்ட்ல எழுதினேன். தங்காதவங்க... மூணு நாள் உபவாசத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாங்களேம்மா, அது கணக்கு இல்லையா? ரூம் எடுத்துத் தங்கணுமா. இதை யாரும் போய்ச் சொல்லவே இல்லையா? மிஷினே பார்த்துக்குமா? ஒரு மனுஷன்கூட... ஒருத்தர்கூட அவன்கிட்ட சொல்லலையா?

இன்னொரு தடவை படிம்மா. எங்கேயாவது ஒரு ஓரத்துல இருக்கும். நல்லாப் பாரு.

சரி.

அப்ப அவ சொன்னது... அவ எச்சரிச்சிருக்கா. என்னைக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்கா.

இருந்தாலும் அவளும் கொஞ்சம் புரியும்படியா, அழுத்தமா சொல்லியிருக்கலாம்ல? "வேண்டாம்கா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்கு என்ன தெரியும்? இல்லை. இல்லைம்மா, அவ சொன்னா. ஒரே நாள், ஒரே வீடுன்னு அப்படியே சொன்னா. இப்பதானே உனக்கு என் வாயாலயே சொன்னேன்.

ஏம்மா, அப்ப நேத்து போட்டது?

சபை ஹால்ல ஒரே வைஃபை. ஒரே வரி. நாப்பத்தொரு பேரு. அவளுக்கு வெறும் ஆறுதான் இருந்துச்சு, அந்த ஆறும் நெசமா தங்கினவங்க எழுதினது. ஐயோ, லீவுக்கு ஜனம் வர்ற நேரம்மா. டாக்ஸியை வித்துட்டாங்க. ஆண்டவரே, ரெண்டாந்தடவையும் என் கையாலயேவா?

அழிக்கலாமா? உடனே அழிச்சா தப்பிக்கும்ங்கிறியா? நிச்சயமாச் சொல்ல முடியாதா. சரி, சரி, முடிஞ்சவரைக்கும். ஒவ்வொருத்தருக்கா போன் பண்றேன்... அடிக்கவே மாட்டேங்குதே. ஆமா, இந்த வளைவுல சிக்னல் இருக்காது. குரூப் இருக்கு, பெண்கள் ஐக்கியம்னு. அதுல பேசி அனுப்பறதா? எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடுமா? நல்ல யோசனை. இந்த மைக் படத்தை அமுக்கிக்கிட்டுத்தானே பேசணும்? இரு, தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன்.

"சகோதரிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேத்து நாம போட்ட ஸ்டாரை எல்லாரும் உடனே அழிச்சிடுங்க. அதுல ஏதோ கம்ப்யூட்டர் கோளாறாம், அதனால..."

ஏம்மா, எதுக்குத் தலையை ஆட்டறே? கோளாறுன்னு சொன்னா போதாதா? அழிப்பாங்களே.

ஆமா. அழிப்பாங்க. ஆனா மங்கைதான் என் வீட்டை மறைச்சான்னு அவங்க மனசுல இருக்கிறது அழியாது. நான் போட்டது அது. ஜெயசீலி சிஸ்டரும் அந்தக் குரூப்ல இருக்காங்க. முப்பது வருஷமா என்னைத் தெரிஞ்சவங்க எல்லாரும் இருக்காங்கம்மா. லில்லி புஷ்பம் ஒரு பொய் சொல்லி ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. இப்ப நானே... சரி, அதை அனுப்பாதே. எப்படி வேண்டாம்னு தள்றது? நீயே தள்ளு. மைக்கையும் நீயே அமுக்கிப் பிடிச்சுக்கோ, நான் பேசறேன்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்ஸ். நான் லில்லி பேசறேன். நேத்து மங்கைக்குப் போட்ட ஸ்டாரை எல்லாரும் இப்பவே அழிச்சிடுங்க, தெரியாதவங்க பிள்ளைங்ககிட்ட குடுத்து அழிங்க. அது இருந்தா அவ பக்கத்தை எடுத்துடுவாங்க. என் பக்கம் போனதும் அதனாலதான். நாம போட்டதாலதான். நான் போட வச்சதாலதான். மங்கை யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. நான் நாலு வெள்ளிக்கிழமை உங்க முன்னாடி அவ பேரைச் சொல்லிச் சொன்னது உண்மை இல்லை. ஜெயசீலி சிஸ்டர், உங்ககிட்ட நான் தனியா வந்து பேசறேன். அவளை நீங்க அனுப்பினதுக்கு நான்தான் காரணம். எனக்காக... இல்லை, எனக்காக ஜெபிக்க வேண்டாம். முதல்ல அதை அழிங்க."

விட்டுடு. போயிடுச்சா?

இது என்ன, பக்கத்துல குட்டியா கடிகாரம் சுத்துது? இன்னும் போகலைன்னு அர்த்தமா. அடுத்த வளைவு தாண்டினா சிக்னல் வருமா? இந்தப் பக்கம் எனக்குத் தெரியும்மா. பிரிவு வரைக்கும் வராது. அங்கயும் டீக்கடைக்குப் பின்னாடி போய் நின்னாத்தான் ரெண்டு கோடு வரும்.

ஜன்னல் வழியா நீட்டிப் பிடிச்சுப் பாரேன். வேண்டாம் வேண்டாம், விழுந்துடப் போகுது. உள்ளே எடு.

இன்னும் சுத்துதா?

இந்த ஃபிரேமை என்னம்மா பண்றது? நேத்து ராஜம்மா சிஸ்டர்கிட்ட காட்டினேன், "நீ பெரிய மனசுக்காரி லில்லி"ன்னாங்க. கேட்டுக்கிட்டு நின்னேன், பாரு. இதைக் கையில வச்சுக்கிட்டு அவ முன்னாடி போய் எப்படி நிக்கிறது? நீ வச்சுக்கோ. இல்லை, நீ வச்சுக்கோம்மா, உன் வீட்டுல மாட்ட வேண்டாம், பையில போட்டுக்கோ, இங்கேயே விட்டுடு, என்னமோ பண்ணு. என் கண்ணுல படாம இருந்தா சரி.

தம்பி, பிரிவுதானே? இறங்கணும்.

அதோ நிக்கிறா, பாரு. டீக்கடை வாசல்ல. நெத்தியில குங்குமம் இருக்குல்ல, அவதான். இளைச்சுப் போயிட்டா. குடை வேற கொண்டு வந்திருக்கா எனக்குன்னு, ரெண்டு கையிலயும் ரெண்டு குடை. என்னைப் பார்த்துட்டா. சிரிக்கிறாளா? எனக்குக் கண்ணு மறைக்குது, நீ பார்த்துச் சொல்லு.

நேத்து போட்ட ஸ்டாரை அவ இன்னும் போன்ல பார்க்கலை போல.

போனைக் குடு. இன்னும் சுத்துதா? சுத்தட்டும். அந்த மெசேஜ் போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல உட்கார்ந்திருக்கலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், தெரியுமா? அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கலாம்னு. வேண்டாம். இவளுக்கு அதெல்லாம் அனுப்ப முடியாது. நேர்லதான் சொல்லணும்.

நீ நல்லா இரும்மா. அந்த மூணு ஸ்டாரை மாத்தாதே. சுடுதண்ணி வரலைன்னா வரலைன்னே எழுது.

வர்றேன் தம்பி, வர்றேன். விசில் அடிக்காதீங்க. கொஞ்சம் இருங்க, இறங்கிடறேன்.